பத்து வருஷத்துக்கு முன்னால் விட்ட குஞ்சு

தக்கை:

அமெரிக்காவில், மினசோட்டாவின் மினியாபொலிஸிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஏரி. பெயரைச் சொல்ல மாட்டேன். மஸ்கி என்கிற பெரிய நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கிறவன் சம்பளத்தைக்கூடச் சொல்லிவிடுவான், ஏரியைச் சொல்ல மாட்டான். 2012 ஜூனில் முதன்முதலாக அங்கே போனபோது, ஒரே சனிக்கிழமையில் ஏழு மஸ்கிகள் என் இரையைத் துரத்திக்கொண்டு படகு வரை வந்தன. எல்லாமே 36, 38 அங்குலம், அச்சில் வார்த்த மாதிரி. மஸ்கி ஏரி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

2016 வாக்கில் வருவது குறைந்தது. ஆனால் வந்த ஒவ்வொன்றும் தொடைப் பருமன். அந்த அக்டோபரில்தான் 49 அங்குலத்தில் ஒன்றைப் பிடித்து, அளந்து, திரும்ப விட்டேன். 2019-இல் பதினொரு நாள் போனேன், ஒன்றுகூட முகம் காட்டவில்லை. படகுத்துறையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: ஏரி செத்துப்போச்சு. யாரோ திருட்டுத்தனமாக அள்ளுகிறார்கள் என்றார் ஒருவர், மஸ்கியின் பங்காளியான பைக் மீன் தின்றுவிட்டது என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு ஒரு காரணம் சொன்னேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த இலையுதிர்காலத்தில் குஞ்சு விட ஆள் கேட்டார்கள், போனேன். லாரித் தொட்டி நிறைய பத்துப் பன்னிரண்டு அங்குல விரலிகள், அதாவது கொஞ்சம் வளர்ந்த மஸ்கிக் குஞ்சுகள். வாளியில் மொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, நாணல் ஓரம் விட வேண்டும். ஒன்று மட்டும் போகாமல் என் காலருகே நின்றது. விரல் தடிமன் உடம்பு, வாத்து அலகு மாதிரி மூஞ்சி, செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கூட வந்த உயிரியலாளர் சொன்னார்: "இது உங்கள் கைக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். போட்டோ எடுக்கிற அளவுக்கு வளர பன்னிரண்டு, பதினைந்து."

அப்போதுதான் உறைத்தது. மஸ்கி கூடு கட்டாது, காவலும் இருக்காது. ஆழமில்லாத இடத்தில் முட்டையை இறைத்துவிட்டுப் போய்விடும். அடியில் மெத்தென்ற சேறு இருந்தால் ஆக்சிஜன் போதாமல் முட்டை செத்துவிடும். தப்பிப் பொரித்தாலும், சில வாரம் முன்பே பொரித்த பைக் குஞ்சுகள் அதே பக்கம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஆக இந்த ஏரியில் பிள்ளை என்றால் லாரி கொண்டுவந்து போட்டதுதான். லாரி வராத வருஷத்துக்கு ஒரு தலைமுறையே கிடையாது.

வீட்டுக்கு வந்து மாநில இணையதளத்தில் அந்த ஏரியின் கணக்கைப் பார்த்தேன். 2006-க்கு நேரே பெரிய எண். அப்புறம் பல வருஷத்துக்கு ஒன்றுமே இல்லை. 2012-இல் நான் பார்த்த ஏழும், 2016-இல் பிடித்த குண்டு மீனும் ஒரே வகுப்புப் பிள்ளைகளாகத்தான், அதாவது ஒரே வருஷம் விட்டவையாகத்தான் இருக்க வேண்டும். 2019-இல் அந்த வகுப்பில் மிச்சமிருந்தது ரொம்பக் கொஞ்சம், அடுத்த வகுப்போ சேரவே இல்லை.

உங்கள் ஏரியிலும் இப்படி ஏறி இறங்கியதுண்டா? பார்த்ததைச் சொல்லுங்கள்.

பனிக்காலம்:

எனக்கு மினசோட்டாவின் மில் லேக்ஸ் ஏரி. பெயரைச் சொன்னால் பரவாயில்லை, 1,32,000 ஏக்கரில் யார் வேண்டுமானாலும் தேடட்டும். அங்கே 1980-களிலிருந்து குஞ்சு விடுகிறார்கள். மினசோட்டாவில் முன்பெல்லாம் விட்டது ஷூபேக் வகை, அது பெரிதாக வளராது. லீச் லேக் வகைக்கு மாறிய பிறகுதான் 50 அங்குலம் என்பது சகஜமான பேச்சானது.

2000-களில் அங்கே ஒரே திருவிழா என்று பழையவர்கள் சொல்வார்கள். நான் போக ஆரம்பித்தது அதெல்லாம் அடங்கிய பிறகு. ஆறு வருஷத்தில் மூன்றே மீன், மூன்றும் 50-க்கு மேல். மூன்றாவது நவம்பர் இரவில். கைவிரல் மரத்துப்போய், ராடு முனையைத் தண்ணீருக்குள் விட்டுப் படகோரம் எட்டு போட்டுக்கொண்டிருந்தேன், பின்னால் வரும் மீனைக் கடிக்கவைக்க இரையை எட்டு வடிவில் சுற்றுவதுதான் அது. (ஊரில் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போட்டபோதுகூட இவ்வளவு கவனமாகப் போட்டதில்லை.) மூன்றாவது சுற்றில் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு வாய் திறந்தது. பயத்தில் ராடைப் பின்னால் இழுத்துவிட்டேன். அப்படியும் மாட்டியது என் திறமையால் அல்ல.

1957-இல் வின்னிபிகோஷிஷ் ஏரியில் பிடித்த 54 பவுண்டு மீன்தான் 64 வருஷம் மாநிலச் சாதனையாக இருந்தது. 2021 நவம்பரில் அதை முறியடித்த 55 பவுண்டு 14.8 அவுன்ஸ் மீன் மில் லேக்ஸில் வந்ததுதான். இறங்குமுகம் என்று எல்லாரும் கைகழுவிய ஏரி! மீன் குறைந்தால் ஏரி செத்தது என்று அர்த்தமில்லை, அதன் மீன்களுக்கு வயதாகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வளைகுடாக்காரி:

எனக்கு விஸ்கான்சின் பக்கம், மிச்சிகன் ஏரியின் கிரீன் பே வளைகுடா. 1989-இல் கிரேட் லேக்ஸ் புள்ளி மஸ்கியைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அங்கே இரை ஏராளம், விட்ட மீன் பன்றிக்குட்டி மாதிரி கொழுத்தது. புதிதாக விட்ட தண்ணீரில் முதல் கூட்டம் கொழுக்கும், பின்னால் வருவதற்கு அந்த யோகம் எப்போதும் வாய்ப்பதில்லை. 2007-இல் மீன்களைக் கொல்லும் வி.எச்.எஸ். வைரஸ் நோய் விஸ்கான்சினில் தலைகாட்டியது. நோய் இல்லாத முட்டைதான் வேண்டும் என்றானதும், எங்கிருந்து எடுப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. அந்த மாதிரி ஒரு வருஷச் சிக்கலை நாம் தூண்டிலில் உணர்வது எட்டு வருஷம் கழித்து. அதற்குள் காரணமே மறந்துபோயிருக்கும், பழி போட வேறு ஆள் கிடைத்திருப்பான்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுமுகம் என்ற செய்தி நம் காதுக்கு வரும்போதே பாதி முடிந்திருக்கும். அப்புறம்தான் கூட்டம் வரும், ஜூலை வெயிலில் தண்ணீர் 27 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதும் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவோம். நீந்திப் போய்விட்டது என்று நாம் நினைக்கிற மீனில் சில மறுநாள் மிதக்கும். நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து கோடையில் தெர்மாமீட்டர் இல்லாமல் படகை இறக்குவதில்லை.

புதுசு:

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பார்களே, நான் எண்ணிக்கொண்டு வந்தேன். நாலாயிரத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இன்னும் பூஜ்யம். நான் எந்த வகுப்பு இடைவெளியில் மாட்டியிருக்கிறேன்?

தக்கை:

புதுசு, உங்கள் ஏரியின் கணக்கில் ஆறேழு வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே காலியாக இருந்தால் ஏரியை மாற்றுங்கள், கையை அல்ல.

போன ஜூனில் என் பழைய ஏரிக்கு மறுபடி போனேன். காலை ஒன்பதரை, நாணல் ஓரம், நாங்கள் வாளியைக் கவிழ்த்த அதே இடம். முப்பத்துநாலு அங்குலம் இருக்கும், இரைக்குப் பின்னால் மெதுவாக வந்தது. எட்டு போட்டேன். ஒன்றரைச் சுற்று கூடவே வந்துவிட்டு, படகுக்கு அடியில் நுழைந்துபோனது. மத்தியானத்துக்குள் அதே அளவில் இன்னும் மூன்று.