இளையோர் கச்சேரியில் ஒரு பெண் தாள வாத்தியக்காரர் கட்டாயமா? (பெங்களூரு)

ஜெயநகர் கமிட்டி

எங்கள் பகுதியில் ராமநவமியை ஒட்டி வருடாவருடம் கச்சேரி வைக்கிறோம். சாமராஜ்பேட்டை கோட்டை மைதானம் மாதிரி பெரிசில்லை, கோயிலை ஒட்டிய சின்ன ஹால்தான். அதில் சில மாலைகள் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. போன வருடப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பாடியவர்களில் பெண்கள்தான் அதிகம். வயலினில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றிலும் ஒரு பெண்கூட இல்லை. இந்த வருடம் இளையோர் கச்சேரி ஒவ்வொன்றிலும் தாள வாத்தியத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாமா எனப் பேச்சு வந்தது. கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லயப்பித்தன்

எண்ணம் நல்லது, விதி மோசம். கர்நாடகக் கச்சேரிக்குப் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பக்கவாத்தியக்காரர்கள் பல சமயம் மேடையில்தான் முதல்முறை சந்திக்கிறார்கள். பாடுகிறவர் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்து, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடித்து, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை விட்டால் அந்தப் பிள்ளையின் கையில் சரக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சபை முன்னால் அசிங்கப்படப் போவது அந்தப் பெண், உங்கள் கமிட்டி இல்லை. எம்.எஸ்., பட்டம்மாள், எம்.எல்.வி. எல்லாம் இடஒதுக்கீட்டிலா வந்தார்கள்?

கடம்_அக்கா

சார், நீங்கள் சொன்ன மூவரும் பாடகிகள். இங்கே கேள்வி தாள வாத்தியத்தைப் பற்றி.

பாட்டிலும் வழி தானாகத் திறக்கவில்லை. சென்னை மியூசிக் அகாடமி 1928ல் தொடங்கியது. அதன் சங்கீத கலாநிதி விருதை முதல்முறை ஒரு பெண் பெற்றது 1968ல், அதுவும் எம்.எஸ். ஆக இருந்ததால். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று இருந்தார், பிறகுதான் பட்டம்மாளுக்கு வாசித்தார். நம் ஊர்ப் பெயரையே முன்னால் சுமந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் எழுப்பினார். அங்கே வருடாவருடம் அவர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட மட்டும் இடமில்லை. 1927 முதல் நாகரத்தினம்மாள் பெண்கள் கட்சி என்று தனி ஆராதனைக் குழு நடத்திய பிறகுதான், 1940களின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாயின. திறமை தானாக மேலே வந்திருந்தால் அந்த அம்மாள் தனிப் பந்தல் போட்டிருக்கத் தேவையில்லை.

லயப்பித்தன்

சரித்திரத்தை நான் மறுக்கவில்லை மேடம். அது அந்தக் காலம். இன்றைக்கு எந்த சபா பெண்ணைத் தடுக்கிறது? மிருதங்கம் கற்க வருகிற பெண்களே குறைவு. நானும் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் தெரியும். வருகிற ஒன்றிரண்டு பேரும் பத்தாவது வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பெரிய மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதும் லேசில்லை.

கடம்_அக்கா

எடைக்கு வருகிறேன். பெண்கள் பாடும் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதிக்கு எச்சு சுருதி மிருதங்கம்தான் வேண்டும். அது நீளமும் குறைவு, எடையும் குறைவு. ஆண்கள் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடும்போதுதான் பெரிய தக்கு சுருதி மிருதங்கம். உங்கள் இளையோர் மேடையில் பாடுவது பெரும்பாலும் பெண்கள். ஆகவே எடை என்ற காரணம் இங்கே நிற்கவே நிற்காது.

கடம் கற்கப் போனபோது என்னிடமும் "விரல் போய்விடும்மா, வீணை கற்றுக்கொள்" என்றார்கள். விரல் இன்னும் பத்தும் இருக்கின்றன. இதே ஊரில் சுகன்யா ராம்கோபால் இருக்கிறார். வயலின் கற்கப் போய், மிருதங்கத்தில் மனம் போய், ஹரிஹர சர்மாவிடம் கற்றுக் கடத்துக்கு வந்தவர். பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மறுத்த மிருதங்க வித்வான்களைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சரி என்று பெண்களை மட்டும் சேர்த்து ஸ்த்ரீ தாள் தரங் என்ற குழுவை ஆரம்பித்தார், சுருதி சேர்த்த கடங்களை வரிசையாக வைத்து கடதரங்கம் வாசிக்கிறார். சபா தடுக்கவில்லை என்கிறீர்கள். தடுத்தது சபா இல்லை, பக்கத்தில் உட்காருகிறவர்.

அல்சூர்_அப்பா

என் பெண் மிருதங்கம் வாசிக்கிறாள், அதனால் இதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் விதி வேண்டாம் என்ற பக்கம்தான் நான்.

காரணம் இதுதான். அவளோடு சேர்ந்த பையன்களைக் குரு கச்சேரிக்குக் கூட்டிப்போகிறார். வாத்தியத்தைத் தூக்குகிறார்கள், பின்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள், திரும்பும்போது வண்டியில் அன்று வாசித்த கோர்வை என்ற தாளக் கணக்கைப் பற்றிப் பேச்சு. பாதி வித்தை அங்கேதான் வருகிறது. என் பெண்ணை அப்படிக் கூப்பிட குருவுக்கும் சங்கடம், அனுப்ப எங்களுக்கும் யோசனை. மல்லேஸ்வரத்தில் கச்சேரி முடிந்து ராத்திரி பத்து மணிக்கு அவள் எப்படி அல்சூர் வருவாள்? நான் நைட் ஷிப்ட் போகிறவன். லயப்பித்தன் சார் சொல்கிற "பத்தாவதில் நின்றுவிடுகிறார்கள்" என்பது இங்கே ஆரம்பிக்கிறது. இதைச் சரி செய்யாமல் மேடையில் ஒரு நாற்காலி மட்டும் ஒதுக்கினால், ஊரில் வாசிக்கிற இரண்டு மூன்று பெண்களையே எல்லாக் கமிட்டியும் மாற்றி மாற்றி இழுக்கும்.

பறை_பாஸ்கிடார்

எல்லாரும் ஹாலுக்குள்ளேயே பேசுகிறீர்கள். நான் பிரேசர் டவுனில் சர்ச் பேண்டில் பாஸ் கிடார் வாசிக்கிறேன், ஞாயிறு மதியம் பறை கற்கிறேன். எங்கள் பறைக் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். அதற்கு யாரும் விதி போடவில்லை. வகுப்பு பகலில், திறந்த மைதானத்தில், கட்டணம் இல்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. "ஒரு பெண்" என்று எழுதினால் என் திருநங்கைத் தோழி எந்தக் கட்டத்தில் வருவாள் அங்கிள்? கஞ்சிரா நன்றாகவே வாசிப்பாள். திருநங்கையான ஜோகதி நடனக் கலைஞர் மஞ்சம்மா 2019ல் கர்நாடக ஜானபத (நாட்டுப்புறக் கலை) அகாடமிக்கே தலைவரானார், 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். அரசாங்கம் வந்துவிட்டது, நம் ராமநவமிப் பந்தல்தான் இன்னும் வரவில்லை.

என் யோசனை: திரை போடுங்கள். வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் தேர்வுக்கு வருகிறவர் திரைக்குப் பின்னால்தான் வாசிப்பார். வியன்னா பில்ஹார்மோனிக்கில் ஒரு பெண் முறையான உறுப்பினரானதே 1997ல்தான். அந்த ஹார்ப் கலைஞர் அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தவர். பாட்டில் திரை உதவாது, குரலே காட்டிக்கொடுத்துவிடும். மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று சொல்லுமா?

லயப்பித்தன்

தம்பி, இது நியாயம். திரைக்கு நான் சம்மதம். யார் வாசித்தாலும் சொற்கட்டு தெளிவாக வந்தால் மதிப்பெண் போடுகிறேன். விதி மட்டும் வேண்டாம்.

கடம்_அக்கா

திரை நல்லதுதான், ஆனால் அது தேர்வுக்கு வந்தவர்களைத்தான் கேட்கும். அல்சூர் அப்பா சொன்னது வராமலே போனவர்களைப் பற்றி. விதி இருந்தால்தான் இந்த வருடம் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசி போகும், அடுத்த வருடம் அவளைப் பார்த்து நான்கு பேர் சேருவார்கள். இரண்டு மூன்று பேரையே இழுப்பார்கள் என்றால் இழுக்கட்டுமே! அதே நாலு பையன்களை எல்லாச் சபாவும் இழுத்தபோது யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

அப்புறம், யாரும் தொடாத விஷயம் ஒன்று. 2018ல் பாலியல் புகார்கள் எழுந்தபோது மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை டிசம்பர் சீசனில் இருந்து விலக்கியது. பெண்ணைத் தனியாக வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் அதை மறக்கவில்லை. கமிட்டி முதலில் ஒரு புகார் வழியை அறிவிக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் தனிக் குழு இல்லாவிட்டாலும், பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது. அந்த விவரத்தை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடிக்க என்ன செலவு?

லயப்பித்தன்

ராமநவமி அழைப்பிதழில் போக்சோவா? பார்க்க நன்றாக இருக்காது மேடம். பங்கேற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தாளில் கொடுக்கலாம்.

கடம்_அக்கா

தாள் கொடுத்தால் எனக்கும் போதும். கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஜெயநகர் கமிட்டி

இங்கே படித்ததைக் கமிட்டியில் வைத்தேன். தாள வாத்தியத் தேர்வைத் திரை போட்டு நடத்த எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் ஆண், பெண் கட்டமே வேண்டாம், வயது மட்டும் போதும் என்று முடிவு. தனித் தாளும் உண்டு. ஒரு பெண் கட்டாயம் என்ற விதி வாக்கெடுப்பில் தோற்றுவிட்டது. லயப்பித்தன் சார், தேர்வு நடத்த நீங்கள் வர முடியுமா? கடம் அக்காவையும் அழைக்கிறோம்.

லயப்பித்தன்

வருகிறேன். ஆனால் எல்லாரையும் மிஸ்ர சாபு வாசிக்கச் சொல்வேன்.

கடம்_அக்கா

சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடையைக் கேட்பேன். விதி தோற்றதில் எனக்கு வருத்தம்தான், அடுத்த வருடமும் இதையே கேட்பேன்.

அல்சூர்_அப்பா

எல்லாம் சரி. கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?