பெரிய வீடு குழு: கழுவி வைக்கட்டுமா?

வியாழன்

தம்பி, காலை 7.40
வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்ட்ராபெரி பெட்டியை அம்மாவிடம் கொடுத்தாயிற்று. புனேயிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் மேல் பெர்த்தில் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன் அக்கா. அதன் மேல் ஒரு துண்டைக்கூடப் போடவில்லை.

நான், 7.44
ரொம்ப நன்றிடா. செவ்வாய் காலையில் மகாபலேஸ்வர் மலைக்குப் போய், தோட்டத்திலேயே நின்று வாங்கியது. எட்டு டப்பா, இரண்டு கிலோ. அம்மா, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பாருங்கள். சிவப்பாக ஈரம் கசிந்திருந்தால் உள்ளே ஏதோ ஒரு பழம் நசுங்கியிருக்கிறது.

அம்மா, 8.15
வந்தது கண்ணு. என்ன வாசம்! பெட்டியைப் பிரித்ததும் கூடம் முழுக்க மணக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஹாஸ்டலிலிருந்து வருகிறாள், அதுவரைக்கும் தாங்க வேண்டும். எல்லாவற்றையும் கழுவி எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

நான், 8.16
அம்மா கழுவாதீர்கள்

நான், 8.17
அம்மா?

நான், 8.20
ஃபோனை எடுங்கள் அம்மா

அம்மா, 8.31
நாலு டப்பா கழுவிவிட்டேனே கண்ணு. குழாயடியில் நின்றதால் ஃபோன் சத்தம் கேட்கவில்லை.

நான், 8.32
சரி, பரவாயில்லை. மீதி நாலையும் தண்ணீர் பக்கம் கொண்டு போகாதீர்கள். கழுவியதில் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டீர்களா?

அம்மா, 8.33
இல்லை, அப்படியே இருக்கிறது.

நான், 8.34
நல்லவேளை. காம்பைக் கிள்ளினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும், பழம் சப்பென்று ஆகிவிடும். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து மேஜையில் விரித்து, பழம் பழத்தைத் தொடாமல் பரப்பி, ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

பெரியம்மா, 8.50
நான் ஒன்று கேட்கட்டுமா? வெளியிலிருந்து வந்த எதையும் கழுவாமல் உள்ளே வைக்கக் கூடாது என்றுதானே நம் வீட்டில் பழக்கம். இதற்கு மருந்து வேறு அடிப்பார்கள். அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் எப்படி?

நான், 8.54
கழுவாமல் சாப்பிடச் சொல்லவில்லை பெரியம்மா. சாப்பிடப் போகும்போது, எத்தனை வேண்டுமோ அத்தனையை மட்டும் எடுத்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவலாம். சோப்பு வேண்டாம், பழம் அதை உறிஞ்சிக்கொள்ளும். மாதுளை, ஆரஞ்சு என்றால் தடித்த தோல் இருக்கிறது. இதற்குத் தோல் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. ஈரம் பட்ட இடத்தில் சீக்கிரமே பஞ்சு மாதிரி பூஞ்சை கிளம்பிவிடும்.

நான், 8.56
எனக்கு இது பட்டுத் தெரிந்தது. புனே வந்த முதல் வருடம் ஒரு கிலோ வாங்கி, கழுவி, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஓரத்தில் ஒரு பழத்தில் சாம்பல் நிறத்தில் ரோமம். அதைத் தொட்டுக்கொண்டிருந்த மூன்றிலும் ஆரம்பித்திருந்தது. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. அன்று நான் அழுதேவிட்டேன், அவ்வளவு ஆசையாக வாங்கியது.

மாமா, 9.10
அந்தச் சாம்பல் ரோமத்துக்குப் பெயர் போட்ரைடிஸ். சாம்பல் பூஞ்சை என்போம். நான் கொத்தகிரியில் வேலையில் இருந்தபோது வீட்டு முற்றத்தில் இருபது தொட்டியில் ஸ்ட்ராபெரி வைத்திருந்தேன், பெரியக்காவுக்கு நினைவிருக்கும். அப்போது இதோடு நிறைய மல்லுக்கட்டினேன். இந்தப் பூஞ்சை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒட்டுகிறது என்றில்லை. செடி பூவாக இருக்கும்போதே உள்ளே நுழைந்து, பழம் பழுக்கும்வரை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஈரமும் ஒரு கீறலும் கிடைத்தால் எழுந்துவிடும். ஃப்ரிட்ஜ் குளிரிலும் சாகாது, வேகம்தான் குறையும்.

பெரியம்மா, 9.13
அப்படியானால் ஃப்ரிட்ஜில் வைத்து என்ன பயன்?

மாமா, 9.18
வேகம் குறைவதுதான் பயன் பெரியக்கா. வெளியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இந்தப் பழத்துக்குச் சரியான குளிர் 0 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி பக்கம் இருக்கும். அதில் நல்ல பழம் ஐந்தாறு நாள் நிற்கும். காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்தான் பழம் வதங்காது, ஆனால் பழத்தின் மேல் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. அதனால் கீழே காய்கறி வைக்கும் இழுப்பறைதான் இதற்கு நல்ல இடம்.

அம்மா, 9.25
கொத்தகிரித் தம்பி, இதில் சில பழத்தில் காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதை மட்டும் வெளியில் வைத்தால் இரண்டு நாளில் பழுக்குமா?

மாமா, 9.27
பழுக்காது அக்கா. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி வைக்கோலில் மூடிப் பழுக்க வைக்கிற ஜாதி இல்லை இது. பறித்த அன்று என்ன இனிப்போ அவ்வளவுதான். கொஞ்சம் சிவக்கலாம், இனிப்பு ஏறாது. காம்புப் பக்கம் வெளுத்த பழத்தை ஜாமுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அண்ணி, 10.05
அத்தை, நான் இப்போதுதான் பார்த்தேன். கழுவிய பழம் இன்னும் ஈரமாகத்தானே இருக்கிறது? அப்படியானால் அதற்கு வினிகர் குளியல் கொடுத்துவிடலாம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். மேலே இருக்கிற பூஞ்சை வித்துகள் குறையும். அலசினால் வினிகர் வாசம் நிற்காது.

அம்மா, 10.20
ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. இரண்டு டப்பாவுக்குத்தான் வரும்.

அண்ணி, 10.22
போதும் அத்தை. இரண்டு டப்பாவை முக்கி எடுங்கள். மீதி இரண்டை அப்படியே வையுங்கள், சாயங்காலம் வந்து ஜாம் கிளறிவிடுகிறேன். கழுவிய பழத்தை அன்றைக்கே தீர்ப்பதுதான் நல்லது.

மாமா, 10.30
ஏறக்குறைய 50 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுக்கிற முறையும் உண்டு. ஆனால் தெர்மாமீட்டர் இல்லாமல் யாரும் அதைச் செய்ய வேண்டாம். சூடு கொஞ்சம் கூடினாலும் பழம் வெந்துவிடும்.

அம்மா, 11.45
எல்லாம் உலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் காம்புக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். அந்த இலைக்கு அடியில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கிறது, அதைத் துணியின் முனையால் ஒற்றி எடுத்தேன். இப்போது எதில் வைப்பது?

நான், 11.48
அருமை அம்மா! அந்த இலை அடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அகலமான தாம்பாளத்தில் துணி விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். மேலே இன்னொரு துணியை லேசாகப் போர்த்துங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், அச்சு மை ஒட்டும். கழுவாத நாலும் வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். அதில் ஓட்டை போட்டிருப்பது காற்று போய்வரத்தான். ஆனால் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நசுங்கியது ஒன்று இருந்தாலும் தனியாக எடுத்துவிட்டு, அடியில் டிஷ்யூ காகிதம் மடித்துப் போட்டுத் திரும்ப அடுக்குங்கள்.

நான், 11.50
அப்புறம், உரித்த பூண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போன வருடம் எனக்கு அப்படி ஒரு டப்பா முழுக்கப் பூண்டு வாசம் ஏறிவிட்டது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், அங்கே உறைந்துவிடும்.

தம்பி, 12.02
அடுக்கும்போது நானும் இருந்தேன். ஒரு டப்பாவில் அடியில் மூன்று பழம் கூழாகியிருந்தது. ரயில் ஆட்டம்தான். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

நான், 12.05
அதனால்தான் அடியைப் பார்க்கச் சொன்னேன். இங்கே மலைப்பாதையில் ஒரு கடையில் ஒரு முறை மேலே பெரிய பெரிய பழமாக அடுக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கவிழ்த்தால் அடி அடுக்கு முழுக்க அழுகல். அன்றிலிருந்து டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. பருவம் நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. அதில் குளிர் நன்றாக இருக்கும் இந்த ஜனவரிப் பழம்தான் கெட்டியாக இருக்கும், பயணம் தாங்கும்.

மாமா, 12.20
மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மலையின் செம்மண்ணும் குளிரும் சேர்ந்து கொடுக்கிற ருசி.

அண்ணி, இரவு 8.40
ஜாம் முடிந்தது. அரைக் கிலோ பழத்துக்கு 350 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. இந்தப் பழத்தில் ஜாமை இறுக்குகிற பெக்டின் குறைவு, எலுமிச்சை இல்லாமல் கெட்டிப்படாது. ஃப்ரீசரில் ஒரு தட்டை வைத்திருந்தேன். அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் நடுவில் கோடு இழுத்தேன். முதல் தடவை கோடு மூடிக்கொண்டது. இன்னும் ஐந்து நிமிடம் கிளறி மறுபடி இழுத்தபோது கோடு அப்படியே நின்றது, அடுப்பை அணைத்துவிட்டேன். சர்க்கரை குறைத்துப் போட்டதால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும் அத்தை, ஈரக் கரண்டி போடக் கூடாது.

வெள்ளி

அம்மா, காலை 7.05
காபி போடும்போதே பார்த்துவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. கழுவாததில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் மெத்தென்று இருந்தது, எடுத்துவிட்டேன்.

நான், 7.20
தினமும் இப்படி ஒரு முறை பார்த்தால் போதும் அம்மா. மெத்தென்று இருந்தாலும் பூஞ்சை இல்லை என்றால் அன்றே சாப்பிட்டுவிடலாம். ரோமம் வந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுப் பழத்தையும் போட்டுவிடுங்கள். இவ்வளவு மென்மையான பழத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கூட இருந்தவற்றையும் நன்றாகப் பாருங்கள்.

சனி

அம்மா, காலை 7.30
மத்தியானம் வரை மின்தடையாம். என்ன செய்வது?

தம்பி, 7.32
ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும்மா. பாலை இப்போதே வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, மதியம் 1.40
கரண்ட் வந்துவிட்டது. வினிகரில் முக்கியதில் ஒன்றில் லேசாக வெள்ளை, எடுத்துப் போட்டுவிட்டேன். கழுவாததில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டப்பா பழம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நாளை வரை நிற்காது போலிருக்கிறது.

நான், 1.44
அந்த டப்பாவை ஃப்ரீசருக்கு அனுப்பிவிடலாம். இப்போது கழுவலாம். நன்றாக ஒற்றி உலர்த்தி, காம்பைக் கிள்ளி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். முதலிலேயே பையில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே எடுத்து உருகவிட்டால் தொளதொளவென்று ஆகும், உள்ளே இருந்த தண்ணீர் உறையும்போது சதையைக் கிழித்துவிடுகிறது. அதனால் உருக விடாமல் அப்படியே பாலோடு மிக்சியில் அடிக்க வேண்டும்.

ஞாயிறு

அண்ணன் மகள், காலை 10.50
அத்தை! வந்துவிட்டேன்! இவ்வளவு பெரிய ஸ்ட்ராபெரியா! ஹாஸ்டல் பக்கத்தில் ஜூஸ் கடையில் எசென்ஸ் வாசம்தான் வரும். இது வேறு வாசம்.

நான், 10.52
வா கண்ணு. கழுவிவிட்டு எடுத்துக்கொள்.

அண்ணன் மகள், 10.58
அப்பத்தா கழுவிக் கொடுத்தார்கள். நான் சாப்பிடப் போவதை மட்டும், எண்ணி. பெரிய பாட்டிக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன், மேலே புள்ளி புள்ளியாக இருக்கிறதே, விதை என்று நினைக்கிறோம், தாவரவியலில் அது ஒவ்வொன்றும்தான் தனிப் பழம். நாம் சாப்பிடுகிற சிவப்புச் சதை பூவின் அடிப்பாகம் வீங்கி வளர்ந்தது.

பெரியம்மா, 11.05
நான் எங்கள் அம்மாவுக்குக் கொடுக்கத்தான் வந்தேன். அம்மாவுக்குப் புளிப்பு ஆகாது என்று பயந்தேன். நாலாக நறுக்கி, மேலே கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தூவிப் பத்து நிமிடம் வைத்தேன். சாறு விட்டு மினுமினுவென்று ஆகிவிட்டது. கிண்ணத்தைச் சாய்த்து அந்தச் சாறையும் குடித்துவிட்டார்கள்.

நான், 11.07
அம்மிச்சி என்ன சொன்னார்கள் பெரியம்மா?

பெரியம்மா, 11.09
“புனேக்காரி எப்போது வருகிறாள்” என்று கேட்டார்கள்.

அம்மா, 11.20
கழுவாததில் இன்னும் ஒரு டப்பா முழுசாக இருக்கிறது கண்ணு. எண்ணினேன், பதினொன்று. பறித்து ஆறாம் நாள் இன்று. பெரியக்கா அதை வீட்டுக்குக் கொண்டு போகிறாள். கழுவாமல்தான் கொண்டு போகிறாள்.