ஒல்லி உடம்புக்கு எந்த ஹோல்ஸ்டர்? (கிளாக் 43எக்ஸ் கைத்துப்பாக்கி)

டெக்சஸ் நண்பர்களே, உங்கள் யோசனை வேண்டும். இடுப்பு 28 அங்குலம், வலது கை. பேண்ட்டுக்குள் முன்பக்கம் வைக்கும் உறை தேடுகிறேன். 43எக்ஸின் குழல் 3.41 அங்குலம்தான், அது மறைந்துவிடும். சட்டையில் துருத்துவது கைப்பிடியின் அடிப்பகுதி. உறையில் கிளா (பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சிறு துண்டு) இருந்தால் பெல்ட் அதை அழுத்தி, கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பும். பெல்ட் தொளதொளவென்றிருந்தால் பயனில்லை. தட்டையான வயிற்றில் துப்பாக்கியின் மேல்பகுதி வெளியே சாயும். அதற்குக் குழல் முனையருகே ஃபோம் வெட்ஜ் (ஆப்பு வடிவ மெத்தைத் துண்டு) ஒட்ட வேண்டும், ஆனால் தடிமன் கூடினால் உட்காரும்போது எலும்பில் குத்துகிறது. எவ்வளவு தடிமன் சரிப்படும்? பெல்ட்டில் மாட்ட ஒரு கிளிப் போதுமா, இரண்டு வேண்டுமா?

மெல்லிய நைலான் உறைகளைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். வாய் மடங்கி, திரும்பச் செருகும்போது துணி டிரிகரில் சிக்கினால் ஆபத்து. டிரிகரை முழுதாக மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை மட்டும்.