துருப்பிடித்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: முதலில் எதில் கை வைப்பது?

கவென்ட்ரி கராஜ்

எல்லோருக்கும் வணக்கம். வார்விக்‌ஷயர் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த 1976ஆம் வருட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 (துணிக்கூரை போட்ட சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் போன மாதம் வாங்கி, லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

எதற்கு இந்தக் கார் என்றால், காரணம் அப்பா. எழுபதுகளில் சென்னையில் அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அதாவது ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டை அப்படியே முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து, முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைத் துடைப்பார். நான் பக்கத்தில் ஸ்பேனர் தட்டோடு நிற்பேன். ஸ்பிட்ஃபயரின் பானட்டும் அதே மாதிரி முழு முகமும் சேர்ந்து முன்னால் சாய்கிறது என்று பார்த்த அன்றே மனது விழுந்துவிட்டது. இது தயாரான கேன்லி ஆலை இருந்த இடமும் எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை.

வண்டியின் நிலைமை: எஞ்சின் இறுகிப்போகவில்லை, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் புல்லியில் ஸ்பேனர் போட்டால் சுற்றுகிறது. மேல் கூரைத் துணி கிழிந்து தொங்குகிறது. டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினால் தரை தெரிகிறது, காரின் தரை இல்லை, கராஜின் தரை. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள் இரண்டு பக்கமும் கொப்புளம் கொப்புளமாக இருக்கின்றன. இடது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மூட முடிகிறது.

எஞ்சின், பிரேக் வேலை ஓரளவு தெரியும். வெல்டிங்குக்கு மட்டும் இங்கே ஒரு மாலை வகுப்பில் ஆறு வாரம் போய்ப் பழகினேன். என் திட்டம் இது: பாடியை முழுதாகச் சேஸிஸிலிருந்து தூக்கி, எல்லாவற்றையும் கழற்றி, மணல் அடித்துத் துருவை எடுத்துவிட்டு, அப்புறம் ஒட்டுப் போட்டு பெயிண்ட். அப்பா ஆகஸ்டில் வருகிறார், அதற்குள் ஓடுகிற அளவுக்காவது கொண்டுவர ஆசை. இந்த வரிசை சரியா?

யாழ் ஆஸ்டின்

தம்பி, பாடியைத் தூக்காதையுங்கோ. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நானும் லண்டனில் இதே ஸ்பிட்ஃபயர், மார்க் 4 ஒன்றை வீட்டுக் கராஜில் வைத்து நான்கு வருடம் வேலை செய்தவன். இந்தக் காரை விளங்கிக்கொள்ள ஹெரால்டில் இருந்து தொடங்க வேண்டும். ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஹெரால்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 91.5 அங்குலம், இதற்கு 83 அங்குலம். சுருக்கும்போது சேஸிஸின் இரண்டு பக்க ஓரங்களிலும் ஓடிய சட்டங்களை விட்டுவிட்டார்கள், நடு முதுகெலும்பு மட்டும்தான் மிச்சம். அந்த ஓரச் சட்டங்கள் தாங்கிய பாரத்தை இதில் சில்கள்தான் தாங்குகின்றன. மேலே கூரையும் இல்லை. ஆகவே சில் உக்கிப்போன ஸ்பிட்ஃபயரைச் சேஸிஸிலிருந்து தூக்கினால் அது நடுவில் மடியும், பிறகு என்ன செய்தாலும் கதவு பொருந்தாது. நீங்கள் சொன்ன அந்த இடது கதவு, கீல் தேய்ந்ததால் அப்படி நிற்கலாம், ஆனால் பாடி ஏற்கெனவே தொய்யத் தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவுக்கும் பின் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். பிறகு காரின் முன்பக்கத்தைச் சேஸிஸில் ஜாக்கி வைத்து மெதுவாக உயர்த்தி, திரும்ப அளவுங்கள். மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறினால் சில்லில் பலம் இல்லை.

வேலை வரிசை நான் செய்தபடி சொல்கிறேன். கார் தன் சக்கரங்களிலேயே, அல்லது சக்கரங்களுக்குப் பக்கத்தில் சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து, சமதரையில் நிற்க வேண்டும். பாடி போல்ட் ஒன்றும் கழற்ற வேண்டாம். கதவு வாசலின் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு இரும்புக் கம்பியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். இடைவெளி சரியாக வரும் வரை அதைத் திருகிச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் வெட்டு. ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு மற்றப் பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டுவது கூடவே கூடாது.

சில் என்பது ஒரு தகடு அல்ல, மூன்று. உள் சில், நடுவில் பலத்துக்கு ஒன்று, வெளியே நாங்கள் பார்ப்பது. கனபேர் வெளித் தகட்டை மட்டும் மாற்றி, பெயிண்ட் அடித்து விற்றுவிடுகிறார்கள். என்னுடைய காரிலும் அப்படித்தான் இருந்தது, புதுத் தகட்டைத் திறந்தபோது உள்ளே நடுத் தகடு தேயிலைத் தூள் மாதிரிக் கொட்டியது. முதலில் தரைத் தகட்டையும் உள் சில்லையும் பிடித்து, பிறகு நடுத் தகடு, கடைசியாக வெளிச் சில். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். நான் அந்தக் கதவை எத்தனை தரம் மாட்டிக் கழற்றினேன் என்று கணக்கே இல்லை.

சீற்றுக்குப் பின்னால் ரேடியஸ் ஆர்ம் பாடியில் பொருந்தும் இடத்தையும் வடிவாகப் பாருங்கள். பின் சக்கரத்தை நேராகப் பிடித்து வைப்பது அதுதான், அங்கே துரு இருந்தால் கார் ஓடும்போது பின்பக்கம் தானாகத் திரும்பும். பற்றரி வைக்கும் இடத்தில் அசிட் வடிந்து ஓட்டை விழுந்திருக்கும், அதிலிருந்து மழைத்தண்ணீர் நேரே காலடிக்கு வரும். உங்கள் தரை போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் என்பது நடக்காத காரியம், தம்பி. அவசரப்பட்டு வெட்டினால் கார் போய்விடும். நாற்பது வருடம் தாண்டிய கார் என்பதால் பெரிய மாற்றம் செய்யாதவரை இங்கே வரியும் இல்லை, வருடாந்தச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் முடித்தவுடன் காசு கட்டி ஒருக்கால் அந்தச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். நாங்களே ஒட்டிய ஒட்டை இன்னொரு கண் பார்க்க வேண்டும்.

90 ஆயில்

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதற்கு மேல் பாடி வேலையில் நான் சொல்ல எதுவும் இல்லை. நான் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருந்தவன். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டுகளில் நிறைய கை வைத்திருக்கிறேன். நம் ஊரில் நாலு கதவு ஹெரால்டும் ஓடியது, அது இந்தியாவில் மட்டும் வந்தது. உங்கள் ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷன் ஹெரால்டின் வம்சம்தான், அதனால் சொல்கிறேன்.

முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பக்கம், ட்ரன்னியன் என்று பித்தளை நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது, சக்கரத்தைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கிற இரும்புத் தண்டு அதற்குள்தான் மரை மேல் சுற்றுகிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, பழைய அழுக்கெல்லாம் வெளியே வந்து சுத்தமான ஆயில் கசிகிற வரைக்கும் அடிக்க வேண்டும். கிரீஸ் அடித்தால் அது கெட்டிப்பட்டு மரைக்குள் போகாது, தண்ணீர் போய் நிற்கும், தண்டு உள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் வளைவில் முறியும். சக்கரம் மடங்கி வண்டி மூக்கால் உட்கார்ந்துவிடும். அப்படி ரோட்டோரம் உட்கார்ந்த ஹெரால்டைப் போய் எடுத்து வந்திருக்கிறேன். இருபது வருடம் கிடந்த வண்டியில் பழைய தண்டை நம்பாதீர்கள், கழற்றிப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் புதுசு போடுங்கள்.

இன்னொன்று. எஞ்சின் சுற்றுகிறது என்று சந்தோஷப்பட்டு உடனே ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். இந்த 1493 சிசி எஞ்சினில் கிராங்க் என்கிற சுழல் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிடும். புல்லியை ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரால் முன்னால் நெம்பி, பின்னால் தள்ளிப் பாருங்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கிற கருவி) வைத்தால் 0.1லிருந்து 0.2 மில்லிமீட்டருக்குள் ஆட வேண்டும். கையிலேயே டொக் டொக்கென்று தெரிந்தால் அதை ஓட்டவே கூடாது, கிராங்க் போய் பிளாக்கைத் தின்றுவிடும். வெறும் வாஷர் மட்டும் என்றால் எஞ்சினை இறக்காமலே, அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்ப்பையும் பின் மெயின் பேரிங் மூடியையும் கழற்றி மாற்றிவிடலாம்.

அப்பா ஆகஸ்டில் வந்தால் ஓட்டிக் காட்ட முடியாதுதான், பரவாயில்லை. பானட்டைச் சாய்த்துவிட்டு அந்த டயர் மேலே அவரை உட்கார வையுங்கள். எஸ்யு கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி அவர் கையில் கொடுங்கள். ஹெரால்ட் வைத்திருந்தவர்களுக்குக் கை தானாக வேலை செய்யும்.

கவென்ட்ரி கராஜ்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே போய் அளந்தேன். இடது கதவின் மேல் இடைவெளி 6 மில்லிமீட்டர், ஜாக்கி வைத்ததும் 2 ஆகிவிட்டது. வலது பக்கம் 5, அது 4 ஆனது. வலது பக்கம் தப்பித்தது என்று நினைத்துச் சில்லில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் கூடவே மக்கிய செய்தித்தாள் துண்டு வருகிறது. யாரோ ஓட்டையில் காகிதத்தைத் திணித்து மேலே பட்டி பூசியிருக்கிறார்கள்.

பாடியைத் தூக்கவில்லை. இடது பக்கத்தில் தொடங்குகிறேன். யாழ் அண்ணா, எந்த கனத்துத் தகடு, எந்த வயர் என்று சொல்ல முடியுமா? வெட்டுவதற்கு முன்னால் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

நெருப்புப் பொறி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், தொழிலே வெல்டிங் என்பதால் இதை நான் சொல்கிறேன்.

தகடு 0.9 அல்லது 1 மில்லிமீட்டர், மிக் வெல்டிங் மிஷினில் ஓடுகிற வயர் 0.6. வயர் 0.8 என்றால் ஆறு வாரம் பழகிய கைக்கு மெல்லிய தகட்டில் ஓட்டை விழும். நீளமாக இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி வைத்து, ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி, திரும்ப வந்து நடுவில் ஒன்று, தொட்டுப் பார்த்தால் சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறட்டும். துருவை வெட்டும்போது தாராளமாக வெட்டுங்கள், தகடு பளபளவென்று வருகிற இடம் வரைக்கும். துருவின் மேல் ஒட்டு நிற்காது. ஒன்றன்மேல் ஒன்று படிகிற ஓரங்களில் துத்தநாக பிரைமர் அடித்துவிட்டு வெல்டிங் வையுங்கள், எல்லாம் முடிந்து பெயிண்டும் காய்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகு அடித்து நிரப்புங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இனி முக்கியமானது. ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது, நீங்கள் வெல்டிங் வைக்கப்போகிற இடத்திலிருந்து ஒரு கை தூரம்தான். காலி டேங்க் என்றாலும் கழற்றி கராஜுக்கு வெளியே வையுங்கள், காலி டேங்க்தான் ஆவியால் வெடிக்கும். பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அழுக்கு எடுக்க பிரேக் கிளீனர் அடிப்பவர் என்றால் டப்பாவில் குளோரின் கலந்த சரக்கா என்று பாருங்கள், அது வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்கிற விஷ வாயு ஆகும், கொஞ்சமே போதும் ஆளை முடிக்க. கால்வனைஸ் தகட்டை ஒட்டுக்கு எடுக்காதீர்கள், அந்தப் புகையில் இரவு முழுக்கக் குளிர் ஜுரம் அடிக்கும், நான் பட்டிருக்கிறேன்.

கிரைண்டர் போடும்போது முன் கண்ணாடியை ஈரச் சாக்கால் மூடுங்கள், பொறி கண்ணாடியில் ஒட்டினால் போகாது. வேலை முடிந்ததும் கராஜைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். அடியில் பூசிய தார் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்து பிறகுதான் பற்றும்.

கவென்ட்ரி கராஜ்

டேங்கைக் கழற்றியாயிற்று, தோட்டத்து மூலையில் இருக்கிறது. புல்லியை நெம்பியும் பார்த்தேன், டயல் கேஜில் 0.18 காட்டுகிறது, எஞ்சின் பிழைத்தது. கதவு வாசலுக்கான கம்பிக்கு இரண்டு பக்கமும் மரை உள்ள டர்ன்பக்கிள் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். இடது கதவைத் திரும்ப 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்த பிறகு படம் போட்டுக் கேட்கிறேன், நீங்கள் சரி என்று சொல்லாமல் வெட்டமாட்டேன்.