12 அணி ரோட்டோ லீக்: கிளோசரை எந்த ரவுண்டில் எடுக்கணும்?

அஞ்சுரோடு_லெவன்:
ஃபேன்டசி பேஸ்பால் (நிஜ வீரர்களோட புள்ளிவிவரத்தை வச்சு ஆடற ஆட்டம்), காசு கட்டாத லீக்குங்க. 12 அணி, 5x5 ரோட்டோ (பேட்டிங்ல 5, பிட்சிங்ல 5 பிரிவு, ஒவ்வொண்ணுலயும் வர்ற இடத்துக்கு ஏத்த பாயின்ட்), ஸ்நேக் டிராஃப்ட் (ரவுண்டுக்கு ரவுண்டு ஆள் எடுக்கற வரிசை தலைகீழாகும்). எனக்கு 11-ஆவது இடம் விழுந்திருக்கு. பிட்சருக்கு (பந்து போடறவர்) 9 இடம். ஹோல்டு (நடுவுல வந்து முன்னிலையைக் காக்கறது) கிடையாது, சேவ் (சின்ன முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கறது) மட்டும்தான் கணக்கு. லைன்-அப் வாரம் ஒரு தடவை பூட்டிடும். அணிக்காரங்க பாதி சேலம், பாதி நியூ ஜெர்சி.
கிளோசரை (கடைசி 9-ஆவது இன்னிங்ஸ் போட்டு சேவ் எடுக்கற பிட்சர்) 4-ஆவது ரவுண்டிலேயே எடுன்னு சிலர் சொல்றாங்க, கடைசி வரைக்கும் தொடாதேன்னு சிலர். எது சரி?

சேர்வராயன்_காடு:
ரவுண்டு நம்பரை விட்டுட்டு உங்க பிக் நம்பரைப் பாருங்க. 11-ஆவது இடம்னா 11, 14, 35, 38, 59, 62, 83, 86, 107, 110 இப்படித்தான் வரும். ரெண்டு ஆள் பக்கத்து பக்கத்துல எடுத்துட்டு, அடுத்த 20 பேர் போறதை வேடிக்கை பாக்கணும். ஒருத்தர் கிளோசர் எடுத்தா பயத்துல நாலு பேர் பின்னாடியே எடுப்பாங்க. அது உங்க இடைவெளியில நடந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால 59/62-ல நிச்சயம் ஒருத்தர், 83/86-ல இல்லேன்னா 107/110-ல ரெண்டாவது ஆள், கடைசி மூணு ரவுண்டுல ஒரு லாட்டரிச் சீட்டு.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க லீக்கோட போன வருஷப் பட்டியலை எடுத்து, சேவ்ல 4-ஆவது வந்த அணி எத்தனை வச்சிருந்துச்சுன்னு பாருங்க. பேச்சுக்கு 75-ன்னு வச்சுக்குவோம். முதல் ஆள் 32, ரெண்டாவது 25, மீதி 18 மூணாவது ஆளும் வேவரும் (சீசன் நடுவுல, யாரும் எடுக்காத ஆட்களைச் சேர்க்கறது). சேவ்ல முதலிடத்துக்கு 12 பாயின்ட், 4-ஆவதுக்கு 9. அந்த மூணு பாயின்டுக்காக 35-ஆவது பிக்கைக் கொடுக்கறது கட்டுப்படியாகாது.

ஏற்காடு_மிளகு:
இதுல எனக்கு உடன்பாடு இல்லை. நிஜ மேஜர் லீக்ல மொத்தமே 30 அணி. ஒவ்வொருத்தரும் ரெண்டு எடுத்தாலே 24 பேர் காலி. 30 அணியிலயும் ஒரே ஆளுக்கு 9-ஆவது இன்னிங்ஸ்னு எழுதி வச்சிருக்காங்களா? பல இடத்துல ரெண்டு மூணு பேர் பங்கு போட்டுக்கறாங்க. இவர் லீக்ல லைன்-அப் வாரம் ஒரு தடவைதான் பூட்டுது, நடுவுல ஆள் மாத்த முடியாது. பங்கு போடற ஆளை வச்சிருந்தா வாரத்துக்கு சைபரும் வரும், மூணும் வரும்.

சேவ் மட்டுமில்ல. அணி மொத்தம் 1,200 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கற ரன் சராசரி) 3.90-ன்னு வைங்க. அதுல 65 இன்னிங்ஸை 2.00-ல போடற ஆள் வந்தா 14 ரன் குறையும், ஈ.ஆர்.ஏ. 3.80 ஆகிடும். நெருக்கமான பட்டியல்ல அதுவே ஒண்ணு ரெண்டு இடம். 38-லயே எடுங்க.

சேர்வராயன்_காடு:
கணக்கு சரிதான், பாதிதான் போட்டிருக்கீங்க. அதே 38-ல 180 இன்னிங்ஸை 3.20-ல போடற ஸ்டார்ட்டரை (ஆட்டத்தை ஆரம்பிக்கற பிட்சர்) எடுத்தாலும் குறையறது அதே 14 ரன். கூடவே கிளோசரைவிட நூறு ஸ்ட்ரைக்-அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல அவுட் ஆக்கறது) கூடுதல், வின் தனி.

கிளோசர் வேலை போற ஆபத்தும் இருக்கு. மெட்ஸ் அணி கிளோசர் எட்வின் டியாஸ் 2023 மார்ச்சில் வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக்ல ஜெயிச்சதைக் கொண்டாடும்போது முழங்கால் போயி சீசனே முடிஞ்சுது. இம்மானுவேல் கிளாஸே 2024-ல 47 சேவ், அடுத்த வருஷம் ஜூலைக் கடைசியில விசாரணைக்காக விடுப்பு. ரயன் ஹெல்ஸ்லி 2024-ல 49 சேவ். 2025 ஜூலையில மெட்ஸுக்கு மாத்தினாங்க, அப்போ அங்க 9-ஆவது இன்னிங்ஸ் டியாஸோடது. அதே சமயம் பாட்ரேஸுக்குப் போன மேசன் மில்லருக்கும் அதே கதை, அப்போ அங்க கிளோசர் ராபர்ட் சுவாரெஸ். இவங்க ரெண்டு பேருக்கும் பந்து கெட்டதால இல்லை, அணி மாறினதாலதான் வேலை போச்சு. ரெண்டாவது கிளோசரை எடுக்கும்போது, தோத்துட்டிருக்கற அணியில ஒப்பந்தம் முடியப்போற ஆளைத் தவிருங்க. ஜூலையில அவர்தான் முதல்ல விலைபோவார்.

மேட்டூர்_மதகு:
ரெண்டு பேரும் எப்ப எடுக்கணும்னே பேசறீங்க. யாரைன்னு நான் சொல்றேன். கிரிக்கெட்ல நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்குக் கடைசி ஓவரை ஒதுக்கி வைக்கற மாதிரின்னு நினைச்சுத்தான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க. ஆல்-அவுட் ஆகாம, சேஸிங் சீக்கிரம் முடியாம இருந்தா, ஸ்கோர் என்னவா இருந்தாலும் 20-ஆவது ஓவர் வந்தே தீரும். கிளோசருக்கு அப்படி இல்லை. மூணு ரன்னுக்கு மேல போகாத முன்னிலையில வந்து ஒரு முழு இன்னிங்ஸ் முடிச்சாத்தான் பொதுவா சேவ். ஏழு ரன் முன்னிலையில ஜெயிச்சா அவர் சும்மாதான் உக்காந்திருப்பார். அதனால ஜெயிக்கற அணியில நிறைய சேவ்ங்கறது முழு உண்மை இல்லை. 2025-ல அதிக சேவ் கார்லோஸ் எஸ்டெவெஸ், 42. அவரோட ராயல்ஸ் ஜெயிச்சது 82, தோத்தது 80.

ஆளை எடை போட ஸ்ட்ரைக்-அவுட் சதவீதத்துல வாக் (நாலு தப்புப் பந்து போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு விடறது) சதவீதத்தைக் கழிச்சுப் பாருங்க, போன வருஷ ஈ.ஆர்.ஏ.வை விட அது நம்பகமானது. மார்ச் பயிற்சி ஆட்டத்துல 9-ஆவது இன்னிங்ஸ் யார் போடறான்னு பாக்காதீங்க. அனுபவமான ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு இறங்கற பிட்சர்) எதிரணியோட நிஜ பேட்டர்கள் இருக்கற 3, 4, 5-ஆவது இன்னிங்ஸ்லயே போட்டுட்டுக் கிளம்பிடுவார். கடைசியில வர்றது பெரும்பாலும் மைனர் லீக் பையன்கள்.

சீசன் ஆரம்பிச்ச பிறகு யாரோ புது ஆள் சேவ் எடுத்தான்னதும் வேவர் பட்ஜெட்டைக் கொட்டாதீங்க. பழைய கிளோசர் முந்தின ரெண்டு நாளும் போட்டிருந்தா அன்னைக்கு ஓய்வு, அவ்வளவுதான். அவர் ஓய்வா இருந்தும் 8-ஆவது இன்னிங்ஸ்ல இறக்கினாங்கன்னா அது நிஜ மாற்றம்.

அஞ்சுரோடு_லெவன்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. 59/62-ல ஒருத்தர்னு முடிவு பண்றேன். அந்த 20 பேருக்குள்ள நல்லவங்க எல்லாம் போயிட்டா?

சேர்வராயன்_காடு:
போனா போகட்டும். எல்லாரும் கிளோசர் எடுத்தாங்கன்னா, அந்த அளவுக்கு நல்ல பேட்டர்கள் உங்களுக்கு மிச்சம் இருப்பாங்க, அவங்களை எடுங்க. 83/86-ல ரெண்டு கிளோசரை ஒண்ணா எடுத்துக்கலாம்.

ஏற்காடு_மிளகு:
38-ல எடுத்திருந்தா இந்தக் கேள்வியே வராது. சரி, உங்க இஷ்டம்.

மேட்டூர்_மதகு:
இன்னொண்ணு. நியூ ஜெர்சி ஆட்கள் டிராஃப்ட்டை ராத்திரி 8 மணிக்குன்னு சொன்னா தேதியைக் கேளுங்க. மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்க கடிகாரத்தை மாத்துவாங்க. அதுக்கு முன்னாடின்னா நமக்குக் காலை 6.30, பிறகுன்னா 5.30. லேட்டா எழுந்தா ஆட்டோ-டிராஃப்ட் தன் பட்டியல்படி எடுத்துட்டுப் போயிடும், இங்க பேசின இடைவெளிக் கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது. முதல் நாளே உங்க வரிசையை உள்ள ஏத்தி வச்சிடுங்க.