கொலம்பஸ் நாளை இன்னும் கொண்டாட வேண்டுமா?

முத்தையன்கட்டு மாமா:
நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விவாதமாம். அமெரிக்காவில் ஒக்டோபரில் வரும் கொலம்பஸ் நாள் விடுமுறையை எடுத்துவிட வேண்டும் என்ற பக்கம் அவளுக்கு விழுந்திருக்கிறது. மாமா சரித்திரம் படிப்பிக்கிறவர்தானே என்று வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டாள். கொலம்பஸ் 1492 ஒக்டோபர் 12 அன்று பகாமாஸ் தீவொன்றில் இறங்கியது, ஹிஸ்பானியோலா என்ற கரீபியன் தீவில் அங்கு வாழ்ந்த தாயினோ மக்களிடம் தங்கம் கப்பமாகக் கேட்டது, ஆட்களை அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றியது எல்லாம் சொன்னேன். 1500இல் ஸ்பெயின் அரசு அனுப்பிய அதிகாரியே அவருக்கு விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பினார் என்றதும், "அப்ப ஏன் மாமா அந்த ஆளுக்கு லீவு?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கேணிப் பொடியன்:
ஐயா, நெல்லுக்கு விலை இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் அமெரிக்காக்காரன்ர லீவுக்கு வழக்குப் பேசுறியள். 😀

தண்ணீரூற்று, இப்போது பொஸ்டன்:
கொலம்பஸ் இத்தாலியில் பிறந்தவர். அது கொலம்பஸுக்காக வந்த லீவு என்பதைவிட இத்தாலியர்களுக்காக வந்தது என்பதே சரி. 1891இல் நியூ ஓர்லியன்ஸில் 11 இத்தாலியர்களைக் கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து கொன்றது. அடுத்த வருடம், கொலம்பஸ் வந்து 400 ஆண்டு என்று ஜனாதிபதி ஹரிசன் கொண்டாடச் சொன்னார். கூலி வேலைக்கு வந்து ஏச்சு வாங்கிய சனத்துக்கு "எங்கள் ஆளும் இந்த நாட்டுக்கு வேண்டியவன்" என்று சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. விடமாட்டார்கள்தானே. 1971 முதல் ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நாடு முழுக்க அரச விடுமுறை. பேர்க்லி நகரம் 1992இலேயே அதைப் பூர்வகுடி மக்கள் நாளாக மாற்றிவிட்டது. 2021இல் பைடன் பூர்வகுடி நாளுக்கும் பிரகடனம் விட்டார், கொலம்பஸையும் விடவில்லை. அந்த வருடம் ஒரே திங்கட்கிழமையில் இரண்டும் நடந்தது!

முத்தையன்கட்டு மாமா:
நன்றி தம்பி. இது தெரியாமல் விவாதத்துக்குப் போயிருந்தால் பிள்ளை மாட்டியிருப்பாள். எதிரணியில் ஓர் இத்தாலியப் பிள்ளையும் இருக்கிறதாம்.

இதை வாசிக்க எனக்கு எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கற்சிலைமடுக் கல்தான் ஞாபகம் வருகிறது. 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் டிறிபேர்க் இவ்விடத்தில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் வெட்டி நட்ட கல். தோற்கடித்தான் என்றுதான் இருக்கிறது, கொன்றான் என்று இல்லை. வென்றவன் தன் புகழுக்கு நட்டதை நாங்கள் தோற்றவனுக்காகப் போய்ப் பார்க்கிறோம். அதற்காக டிறிபேர்க் நாள் என்று லீவு விட்டால் ஒட்டுசுட்டானில் ஒருத்தரும் பொறுப்பார்களா? நாங்கள் விழா எடுப்பது ஓகஸ்ட் 25க்கு, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாளுக்கு. ஆகவே என் கட்சி இதுதான்: கொலம்பஸ் புத்தகத்தில் இருக்கட்டும், பரீட்சையிலும் வரட்டும், லீவு வேண்டாம். இத்தாலியருக்கு நாள் வேண்டுமென்றால் அந்தப் 11 பேருக்கும் வைக்கலாமே, அதற்குக் கொலம்பஸ் எதற்கு?

நெடுங்கேணிப் பொடியன்:
சரி மாமா, இந்தப் பொயின்ற் நல்லாயிருக்கு. எதிரணிப் பிள்ளைக்கும் அனுப்பி விடுங்கோ.