புதுப்பிப்பு: அம்மாவின் சர்க்கரையும் கேழ்வரகுக் கூழும்

அரிசியை விட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறியும், காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவின் சர்க்கரை 240-ஐ விட்டு இறங்கவில்லையே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

உணவியல் நிபுணர் முதலில் விசாரித்தது அளவைத்தான். எங்கள் தருமபுரிப் பக்கத்து வழக்கப்படி அம்மா ஒரு பெரிய சொம்பு நிறையக் குடிப்பார். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிடப் பெரிய குறைவில்லை. அதிலும் நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் மெல்லவே வேண்டியதில்லை, விரைவில் செரித்து இரத்தத்தில் ஏறிவிடுகிறது. "சிறுதானியம்தானே, எவ்வளவும் சாப்பிடலாம்" என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

கூழை நிறுத்தவில்லை. மோர் கலந்து ஒரு டம்ளர்; அதற்கு முன்பே ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலும் முருங்கைக்கீரைப் பொரியலும். மாத்திரையில் மாற்றமில்லை. இப்போது அதே நேரத்து அளவு 170, 180 என்று நிற்கிறது.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஆபத்து.

அடுத்து மதியச் சோற்றின் அளவைப் பார்க்கப்போகிறோம்.